ப்ரூபப் பிரஞ்ச்: இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் ஞாயிறு உங்களுக்கும் உண்டா?

எல்லைதாண்டி_ஒசூர்
பெங்களூரு இந்திராநகரில் ஒரு ப்ரூபப் (அங்கேயே பீர் காய்ச்சி ஊற்றும் பப்), ஞாயிறு பிரஞ்ச் (காலை டிபனும் மதியச் சாப்பாடும் ஒன்றாக), காலேஜ் கும்பல். எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்: நாலு மணி வரை அன்லிமிடெட் பீர், பஃபே, மூலையில் ஒருவர் கிட்டார். நான் குடிப்பதில்லை. பீர் இல்லாத பேக்கேஜ் போதும் என்று வாசலிலேயே சொன்னேன். கும்பலைக் கூட்டிய நண்பன், "டேய், அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம், வா" என்றான். எல்லார் கையிலும் பீர் பேக்கேஜுக்கான ஒரே நிறப் பட்டை கட்டிவிட்டார்கள்.

நான் சாப்பிட்டது ஆம்லெட்டும் தர்பூசணியும்தான். அதுகூடப் பரவாயில்லை. கடைசியில் ஜிலேபி எடுத்துக்கொண்டு வந்து உட்காருகிறேன், போன் அதிர்கிறது. ஸ்ப்ளிட்வைஸ் (செலவைப் பங்கு பிரிக்கும் ஆப்), சமப் பங்கு. அனுப்பியவன் எனக்கு எதிரில்தான் இருக்கிறான். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு என் தட்டிலிருந்து ஒரு ஜிலேபியை எடுத்துக் கடித்தான். பணத்தை அங்கேயே அனுப்பிவிட்டேன். அந்த ஜிலேபிதான் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

கணக்குப்பிள்ளை
என் கதை சின்னது. பில்லில் சர்வீஸ் சார்ஜ் இருந்தது, எடுக்கச் சொன்னேன், மேனேஜர் எடுத்துவிட்டார். மதியம் முழுக்க எங்களுக்கு ஓடி ஓடிப் பரிமாறிய பையன் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். தனியாகக் கொடுக்க என்னிடம் ரொக்கம் இல்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது, மாநில அரசின் வரிதான். சாப்பாட்டுக்கு ஜிஎஸ்டி, தனியாக நடத்தும் உணவகம் என்றால் 5 சதவீதம். ஆக, பில் போடும்போதே இரண்டையும் பிரித்துத்தான் போட வேண்டும். "என் பில்லைத் தனியாகப் போடுங்க" என்று உட்காரும்போதே சொல்லிவிட்டால் யாருக்கும் சிரமம் இல்லை. சாப்பிட்டு முடித்தபின் சொன்னால்தான் முகம் சுளிப்பார்கள். சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் கொடுத்தது. ஓட்டல்காரர்கள் வழக்குப் போட்டார்கள். டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அந்த வழிகாட்டுதல் செல்லும் என்றது. எடுக்க மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம். அப்புறம், அன்லிமிடெட் எடுக்கிற அன்று காலையில் இட்லி சாப்பிடாதீர்கள். பஃபேயில் முதலில் ரொட்டி, சாதம் பக்கம் போகவே வேண்டாம், கிரில் கவுன்ட்டர்தான். ஸ்ப்ளிட்வைஸில் ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தொகை போடும் வசதி இருக்கிறது, உங்கள் நண்பருக்கு யாராவது காட்டுங்கள்.

மடிவாளா_மொட்டைமாடி
அவர் கேட்டது அனுபவம், நீங்கள் ஆடிட்டிங் பண்ணிவிட்டீர்கள்.

என்னுடையது வேறு மாதிரி. கைகழுவப் போகும் வழியில் கண்ணாடிக்குப் பின்னால் பீர் காய்ச்சும் பெரிய எவர்சில்வர் டாங்குகள். ரப்பர் பூட்ஸ் போட்ட ஒருவர் டாங்கிலிருந்து வெந்த பார்லிச் சக்கையை வழித்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தார். போனில், "டெம்போவ பின்பக்கமா விடுங்கண்ணே" என்று தமிழில் பேசியது கேட்டதும் நின்றுவிட்டேன். ஊர் ஆரணிப் பக்கமாம். சக்கை முழுவதும் மாட்டுத் தீவனத்துக்குப் போகுமாம். "குடிச்சுப் பாக்குறீங்களா?" என்று ஒரு சின்ன கிளாஸில் சூடாகப் பிடித்துக் கொடுத்தார். அப்படியே பால் ஊற்றாத ஹார்லிக்ஸ்! "இது இன்னும் பீர் ஆகலண்ணே. ஹாப்ஸ்னு கசப்புக்கு ஒரு பூ, அதப் போட்டுக் கொதிக்க வச்சு, ஆறவச்சு, ஈஸ்ட் போடணும். அதுக்கப்புறம் அது பாத்துக்கும்" என்றார்.

ஊருக்குப் போனால் என்ன வேலை என்று சொல்வீர்கள் என்று கேட்டேன். "வீட்ல ஃபுட் கம்பெனின்னு சொல்லிருக்கேன். நம்ம ஊர்ல பீருன்னா டாஸ்மாக்தானே, அதுல எங்க வேலைன்னு கேப்பாங்க" என்றார். திரும்பி வந்தால் மேசையில் எல்லாரும், இங்கே பீரில் வாழைப்பழ எசன்ஸ் ஊற்றுகிறார்கள் என்று திட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அதற்குமேல் அங்கே உட்காரப் பிடிக்கவில்லை.

அரைலிட்டர்
எசன்ஸ் ஊற்றத்தான் செய்கிறார்கள். நான் குடித்த ஹெஃபவைசனில் (ஜெர்மன் கோதுமை பீர்) பூவன்பழ வாசனை தூக்கியது.

மடிவாளா_மொட்டைமாடி
அது ஈஸ்ட் கொடுக்கும் வாசனை அண்ணே. அந்த வகைக் கோதுமை பீருக்குப் போடும் ஈஸ்ட் ஐசோஅமைல் அசிடேட்டை உண்டாக்கும், வாழைப்பழ வாசனைக்கும் அதுதான் காரணம். கொஞ்சம் கிராம்பு வாசனையும் வரும். அதற்காகக் கிராம்பையும் போட்டார்கள் என்பீர்களா? நிஜமாகவே வாசனைக்கு வெளியிலிருந்து போடுவது பெல்ஜியன் விட் பீரில். மல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும்.

ஈசார்_கரை
நான் இருப்பது மியூனிக்கில். இங்கே காலையிலேயே கோதுமை பீரும் வெள்ளை சாசேஜும் சாப்பிடுவது வழக்கம். அந்த சாசேஜ் மதிய மணியோசையைக் கேட்கக் கூடாது என்பார்கள். அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். சனிக்கிழமை, நண்பர்களோடு ஒரு ப்ரூவரியின் நீள பெஞ்ச், முன்பின் தெரியாதவர்கள் பக்கத்தில் உட்காருவது இங்கே சகஜம். பக்கத்தில் ஒரு பெரியவர், தோலை உரித்துச் சாப்பிட வேண்டும் என்று தன் கத்தியால் அப்பாவுக்குச் செய்தே காட்டினார். அது கன்றுக்குட்டி இறைச்சி என்று நான் சொன்னதும் அப்பா கையை இழுத்துக்கொண்டார். பெரியவர் ஒன்றும் கேட்கவில்லை. தன் தட்டில் சுருள் சுருளாகச் சீவி உப்புப் போட்டிருந்த வெள்ளை முள்ளங்கியை அப்படியே அப்பா பக்கம் நகர்த்தினார். "முள்ளங்கியப் பச்சையாவா திங்கறாங்க?" என்று கேட்டுக்கொண்டே அப்பா முக்கால்வாசியைக் காலி பண்ணினார். அந்தப் பெரியவருக்கு வேறொரு தட்டு வாங்கிக்கொடுக்கலாம் என்று திரும்பினால், ஆள் எழுந்து போயிருந்தார்.

கருப்புக்கோப்பை_அக்கா
ஒயிட்ஃபீல்டு பக்கம். நான், என் வீட்டுக்காரர், அவர் ஆபீஸ் நண்பர்கள். அவர் வண்டி ஓட்ட வேண்டும், அதனால் அவருக்கு மாம்பழ மாக்டெயில். எனக்கு ஸ்டவுட் (கருப்பு பீர்), என் வாயால்தான் ஆர்டர் சொன்னேன். வந்ததும் ஸ்டவுட் அவர் முன், குடை குத்திய கிளாஸ் என் முன். மாற்றிக்கொண்டோம். அடுத்த ரவுண்டும் அதே. நான் கோப்பையை என் பக்கம் இழுத்ததைப் பார்த்துவிட்டு சர்வர் அவரிடம், "சார், உங்களுக்கு ஸ்ட்ராங்கா ஏதாவது?" என்றார். மேசையே சிரித்தது. என் வீட்டுக்காரரும் சிரித்தார். சர்வர் சிரித்திருந்தால் எனக்கு ஒன்றுமில்லை.

அரைலிட்டர்
சர்வரைக் குறை சொல்ல முடியாது. ஞாயிறு கூட்டத்தில் யார் என்ன கேட்டார்கள் என்று எப்படி நினைவில் இருக்கும்? ஸ்டவுட் பொதுவாக ஆண்கள் கேட்பது, ஸ்ட்ராங்கும்கூட. வண்டி எடுக்காமலிருப்பதே நல்லது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே கேஸ், முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதம். பர்ப்பிள் லைன் மெட்ரோ 2023-லிருந்து ஒயிட்ஃபீல்டு வரை போகிறது, அதில் போயிருக்கலாமே.

கருப்புக்கோப்பை_அக்கா
சர்வரை நான் எங்கே குறை சொன்னேன்? கடைசி வரியைத் திரும்பப் படியுங்கள். ஸ்டவுட் கருப்பாக இருப்பது வறுத்த பார்லியால். ட்ரை ஸ்டவுட்டில் ஆல்கஹால் வழக்கமாக 4, 5 சதவீதத்துக்குள் நிற்கும், வெளுப்பாக இருக்கும் பெல்ஜியன் ட்ரிப்பெல் பீரில் பெரும்பாலும் 8-ஐத் தாண்டும். வண்டி ஓட்டுகிறவர் குடிக்கவே இல்லை என்று முதலிலேயே எழுதியிருக்கிறேன். மெட்ரோ யோசனையை, எசன்ஸ் என்று திட்டிக்கொண்டே குடிக்கிறவர்களிடம் சொல்லுங்கள்.