போடிக்கு ரயில் வந்துவிட்டது. நான் விட்டுப் போன போடி எங்கே?

பழைய போடிக்காரன்:
போன வாரம் 24 வருஷம் கழித்துப் போடிநாயக்கனூரில் மூன்று நாள் தங்கினேன். சென்னையில் ராத்திரி ஏறி, விடிந்து மதுரை தாண்டி, ஆண்டிபட்டி கணவாய் வந்ததும் ஜன்னலை விட்டு நகரவில்லை. மலை அப்படியேதான் நிற்கிறது. இறங்கிய பிறகுதான் மனம் கனத்துப்போனது. மீட்டர் கேஜ் காலத்துச் சின்ன ஸ்டேஷன் இல்லை. எந்த ஊரிலும் இருக்கக்கூடிய ஒரு நீள நடைமேடை.

எங்கள் தெருவில் நாட்டு ஓடு போட்ட வீடு இரண்டுதான் மிச்சம். பங்குனியில் இலவங்காய் வெடித்துத் தெருவெல்லாம் பஞ்சு பறக்கும், தலைமுடியில் ஒட்டிக்கொண்டே பள்ளிக்கூடம் போவோம். அப்பா கணக்கு எழுதிய பஞ்சு குடோன் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். கொட்டகுடி ஆற்றில் நீந்தப் பழகியவன் நான். நீந்தின இடத்தில் சாக்கடையும் பிளாஸ்டிக்கும் கிடக்கின்றன. வளர்ச்சி என்கிறார்கள். எனக்கு ஊர் போய்விட்டது என்றுதான் தோன்றுகிறது.

முந்தல் ரோடு:
அண்ணே, நான் இங்கேயே பிறந்து இங்கேயே இருக்கிறவன். 'ஊர் போய்விட்டது' என்ற வார்த்தையை என்னால் ஏற்க முடியாது.

2010 டிசம்பரோடு மீட்டர் கேஜ் வண்டியை நிறுத்தினார்கள். அகலப் பாதையில் மறுபடி போடிக்கு ரயில் வந்தது 2023 ஜூனில். நடுவே பன்னிரண்டரை வருஷம். அந்தக் காலத்தில்தான் என் அம்மாவை வைத்தியத்துக்கு மாதம் இரண்டு முறை பஸ்ஸில் மதுரைக்குக் கூட்டிப் போனேன். ஆண்டிபட்டி தாண்டுவதற்குள் வாந்தி எடுத்து என் தோளில் சாய்ந்துவிடுவார். 2019-இல் போய்ச் சேர்ந்தார். நீங்கள் 'எந்த ஊரிலும் இருக்கக்கூடியது' என்ற அதே நடைமேடையில் முதல் வண்டி வந்த அன்று நின்று அழுதேன்.

இன்னொன்று. இந்தப் பாதை 1928-இல் வந்தது. இரண்டாம் உலகப் போர்ச் சமயத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள், 1950-களில்தான் திரும்பப் போட்டார்கள். நம் தாத்தாக்களும் ரயிலை இழந்து திரும்பப் பெற்றவர்கள்தான். நீங்கள் சிறுவயதில் பார்த்ததே இரண்டாவது முறை வந்த ரயில்!

ஓட்டு வீட்டை மாற்றியதும் நாங்கள்தான். ஐப்பசி மழையில் ஒழுகும், ராத்திரி ஓட்டிலிருந்து தேள் விழும். கையில் காசு வந்ததும் மாற்றினோம்.

பழைய போடிக்காரன்:
அம்மா விஷயம் படித்து மனம் கஷ்டமாகிவிட்டது, தம்பி. ரயில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நானே அதில்தான் வந்தேன். ஆனால் ரயிலையும் ஆற்றையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். வீடு ஒழுகினால் மாற்றத்தான் வேண்டும். ஆற்றில் சாக்கடையை விட யாருக்கு என்ன அவசியம்? அதையும் வளர்ச்சிக் கணக்கில் சேர்த்துவிட்டால் கேட்பதற்கு ஆளே இருக்காது.

ஏலக்காட்டுப் பெண்:
இரண்டு அண்ணன்களும் ரயிலைப் பற்றிப் பேசுகிறீர்கள். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு ரயில் இருந்த காலமும் இல்லாத காலமும் ஒன்றுதான். எங்களுக்கு ஜீப். அம்மா விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து சோறு பொங்கி, தூக்குவாளியோடு ஜீப்பில் ஏறி, போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு தாண்டிக் கேரளத்து ஏலக்காட்டுக்குப் போவார். இருட்டிய பிறகுதான் வீடு. 2020 ஊரடங்கில் எல்லையை மூடியபோது மாதக்கணக்கில் வேலை இல்லை. இன்றைக்கும் விடியற்காலையில் வந்து பாருங்கள், அதே ஜீப், அதே நெருக்கடி. என்ன மாறியது என்று கேட்கிறவர்கள் என்ன மாறவில்லை என்றும் கேட்க வேண்டும்.

அப்புறம் அந்த இலவம் பஞ்சு. என் பாட்டி பஞ்சு குடோனில் கொட்டை பிரித்தவர். உங்கள் தலைமுடியில் ஒட்டிய பஞ்சு அவருக்கு நெஞ்சில் போய் உட்கார்ந்தது. கடைசி வரை இருமல். ஃபோம் மெத்தை வந்து அந்தத் தொழில் சுருங்கியதில் கூலி போனது, அந்த வருத்தம் எங்களுக்கும் உண்டு. ஆனால் பஞ்சு பறந்த காலத்தை நினைத்து எங்கள் வீட்டில் யாரும் ஏங்கியதில்லை.

பழைய போடிக்காரன்:
நேற்று இதைப் படித்துவிட்டுப் பதில் எழுத முடியவில்லை, அம்மா. அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு போகும்போது பார்த்திருக்கிறேன். உள்ளே பெண்கள் மூக்கையும் வாயையும் மூடித் துணி கட்டியிருப்பார்கள். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கணக்கு அறையில் தூசி கிடையாது. நான் நின்றதெல்லாம் அந்த அறை வாசலில்தான்.

பஞ்சைப் பற்றி எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ஆற்றைப் பற்றி எழுதியதை இல்லை.

முந்தல் ரோடு:
ஆற்றுக்காக நானும் மனு கொடுத்திருக்கிறேன், இனியும் கொடுப்பேன். என் கோபம் வேறு. வெளியூரில் இருந்துகொண்டு 'ஊர் போச்சு' என்கிறவர்கள் அடுத்ததாகப் பூர்வீக வீட்டை விற்கிறார்கள். தெருவில் ஒவ்வொரு வீடாக இப்படித்தான் கைமாறியது. கேட்கிறேன் என்று தப்பாக நினைக்காதீர்கள் அண்ணே, மூன்று நாள் எதற்காக வந்தீர்கள்?

பழைய போடிக்காரன்:
வீட்டை விற்கத்தான் வந்தேன். முன்பணம் வாங்கியாகிவிட்டது. அடுத்த மாதம் பத்திரப்பதிவு. வாங்குகிறவர் இடித்துவிட்டு மாடி வீடு கட்டப் போகிறார். மிச்சமிருக்கும் ஓட்டு வீடு இரண்டு என்று எழுதினேனே, அதில் ஒன்று எங்களுடையது.

முந்தல் ரோடு:
அப்படியென்றால் அந்தத் தெருவை மாற்றியதில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது. விற்பது உங்கள் உரிமை. விற்றுவிட்டு எங்களிடம் வந்து ஊரைக் காணவில்லை என்று சொல்லாதீர்கள்.

ஏலக்காட்டுப் பெண்:
அந்த வீட்டில் கிணறு இருக்கிறதா அண்ணா? எங்கள் பக்கம் வீடு இடித்தவர்கள் எல்லாரும் முதலில் கிணற்றைத்தான் மண் போட்டு மூடினார்கள். மூடாமல் விடச் சொல்லி, பதிவுக்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

பழைய போடிக்காரன்:
இருக்கிறது. பின்கட்டில். போன வாரமும் எட்டிப் பார்த்தேன், தண்ணீர் கிடந்தது. நாளைக்கே அவரிடம் பேசுகிறேன்.