மறுமொழி: ஆஃப்டர்மார்க்கெட் திரைக்குத் தமிழில் என்ன பெயர்?

எல்லாருக்கும் வணக்கம்.

லப்டொப் நிறுவனத்தின் சொந்த வழியால் வராமல், வெளியே வாங்கிப் போடும் திரையைத்தான் ஆங்கிலத்தில் ஆஃப்டர்மார்க்கெட் என்கிறார்கள். அதற்கு இந்த இழையில் வந்த ‘பின்சந்தைத் திரை’ என்ற பரிந்துரை எனக்கு ஒத்துவரவில்லை. கிளிநொச்சியில் லப்டொப் திருத்துகிறேன், பற்றுச்சீட்டைத் தமிழில் எழுதிக் கொடுக்கிறேன். அதில் ‘30 பின்’ என்று திரையின் இணைப்பியில் உள்ள ஊசிகளின் (pin) கணக்கும் வரும். அதே வரியில் ‘பின்சந்தை’ என்றும் எழுதினால் எந்தப் பின், எதற்குப் பின் என்று வாசிப்பவர் தடுமாறுவார். ஆங்கிலச் சொல்லைப் பிரித்துத் தைத்த மாதிரியும் இருக்கிறது.

கடைக்கு வருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்வி: “ஒரிஜினலா, கொப்பியா?” நாங்கள் போடும் திரை பெரும்பாலும் இந்த இரண்டிலும் அடங்காது. சிக்கல் இங்கேதான். லப்டொப்பில் பெயர் பொறித்திருக்கும் நிறுவனங்களில் பெரும்பாலானவை திரையைத் தாங்களே செய்வதில்லை. பிஓஇ, ஏயூஓ, இன்னோலக்ஸ், எல்ஜி டிஸ்பிளே போன்ற தொழிற்சாலைகளிடம் வாங்கிப் பொருத்துகின்றன. உடைந்த திரையைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள், முதுகில் ஓர் ஒட்டி இருக்கும். என்டி156 என்று தொடங்கினால் பிஓஇ, பி156 என்றால் ஏயூஓ, என்156 என்றால் இன்னோலக்ஸ், எல்பி156 என்றால் எல்ஜி. 156 என்பது 15.6 அங்குலம். இந்த எண்ணைப் படமெடுத்துத்தான் கொழும்புக்கு அனுப்புகிறோம். வந்து சேர்வது சில வேளை அதே தொழிற்சாலையின் அதே திரை. சில வேளை வேறொன்றின் திரை. அளவு, பின் எண்ணிக்கை, ரெசலூஷன் (படப்புள்ளிகளின் எண்ணிக்கை), திருகாணி பூட்டும் காதுகள் எல்லாம் பொருந்தினால் அதுவும் வேலை செய்யும். இதைக் கொப்பி என்று எழுதினால் பொய்யாகிவிடும். ஒரிஜினல் என்று எழுதினாலும் பொய்தான், ஏனென்றால் அது லப்டொப் நிறுவனத்தின் கையால் வரவில்லை.

இழையில் வந்த மற்றச் சொற்களையும் யோசித்துப் பார்த்தேன். ‘மாற்றுத்திரை’ அழகாக இருக்கிறது, ஆனால் நிறுவனமே அனுப்பிய திரையைப் போட்டாலும் அது மாற்றுத்திரைதானே. ‘வெளித்திரை’ என்றால் மேசையில் வைக்கும் மொனிட்டர் என்று எடுத்துக்கொள்வார்கள். ‘நிகர்த்திரை’யைத்தான் நான் கடுமையாக எதிர்ப்பேன். நிகர் என்று யார் உறுதி கொடுப்பது? ஐபிஎஸ், டிஎன் என்பவை இரண்டு திரை வகைகள். ஐபிஎஸ் இருந்த இடத்தில் டிஎன் திரை வந்தால், பக்கத்தில் இருந்து பார்க்கும்போது நிறம் வெளிறிப்போகும். வெளிச்சமும் குறைவாக இருக்கலாம். அதைச் சொல்லித்தான் விற்க வேண்டும். பெயரே அதை மறைக்கக் கூடாது.

என் முன்மொழிவு ‘வெளிச்சந்தைத் திரை’. வன்னியில் இந்தச் சொல் எல்லாருடைய வாயிலும் இருக்கிறது. இரணைமடுக் குளத்தின் கீழ் விளைந்த நெல்லை அரசின் நெல் சந்தைப்படுத்தும் சபைக்கும் கொடுக்கலாம், வெளிச்சந்தையிலும் விற்கலாம். நெல் அதேதான், போகும் வழியும் விலையும்தான் வேறு. வெளிச்சந்தை என்பதால் யாரும் அதைப் பதர் என்று நினைப்பதில்லை, உயர்ந்தது என்றும் நினைப்பதில்லை. ஆஃப்டர்மார்க்கெட் என்பதன் பொருளும் இதுதானே: உற்பத்தியாளரின் சொந்த வழியால் வராதது. தரத்தைப் பற்றி அது ஒன்றும் பேசாது. பற்றரி, கீபோர்ட், ஏன் மோட்டார் சைக்கிள் சாமானுக்கும்கூட இதே சொல் ஓடும்.

அப்புறம், பழைய லப்டொப்பில் இருந்து எடுத்தது ‘கழற்றிய திரை’. கடையில் அப்படித்தான் சொல்கிறோம். ஒட்டியை மாற்றி ஒட்டி ஏமாற்றுவது மட்டும் ‘போலி’. இந்த மூன்றையும் கலக்கக் கூடாது. ‘திரை’ என்பதா ‘பலகம்’ என்பதா என்று இழையில் நடக்கும் விவாதத்தில் எனக்குப் பிடிவாதம் இல்லை. கைநூலில் ‘காட்சிப் பலகம்’ இருக்கட்டும், சீட்டில் திரை போதும்.

சரி, எழுதினால் இப்படி வரும்: ‘திரை 15.6 அங்குலம், 30 பின், வெளிச்சந்தை, புதியது, டிஎன்.’ சொல் நீளம் என்று படுகிறவர்கள் குறைக்க வழி சொல்லுங்கள். தரத்தைச் சொல்லும் சொல்லாக மட்டும் அதை ஆக்கிவிட வேண்டாம்.