குப்பைக் கிடங்கு அருகே கண்காணிப்புக் கிணறுகள்: எங்கே போடுவது?

கேள்வி:
புதிய குப்பைக் கிடங்கைச் சுற்றி நிலத்தடி நீரைக் கண்காணிக்க 4 கிணறுகள் போடத்தான் நிதி இருக்கிறது. மூலைக்கு ஒன்றாகப் போட்டால் போதுமா?

பதில் 1:
வேண்டாம். நீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். ஒரே கோட்டில் அமையாத மூன்று இடங்களிலாவது நீர்மட்டத்தை அளந்தால் திசை கிடைக்கும். தரைச் சரிவை மட்டும் நம்பாதீர்கள், மழைக்காலத்திலும் கோடையிலும் அளந்து பாருங்கள், ஏனென்றால் பக்கத்தில் பெரிய பம்பு ஓடினாலே திசை மாறிவிடும். அப்புறம் ஓட்டத்தின் மேல்பக்கம் 1, கீழ்ப்பக்கம் 3. மேல்பக்கக் கிணறு இல்லையென்றால், கீழே உப்பு கூடியது கிடங்காலா மண்ணாலா என்று சொல்லவே முடியாது.

பதில் 2:
ஆழமும் முக்கியம். கிணற்றுக் குழாயில் நீர் உள்ளே வரும் துளையிட்ட பகுதி மிக நீளமாக இருந்தால் நல்ல நீரும் கலந்து மாசு குறைவாகத் தெரியும். குழாயைச் சுற்றி பென்டோனைட் களிமண்ணால் அடைக்காவிட்டால் மேலே இருக்கும் அழுக்கு நேராகக் கீழே இறங்கும், கிணறே மாசுக்கு வழியாகிவிடும்.

கேள்வி கேட்டவர்:
சரி, எதையெல்லாம் சோதிப்பது?

பதில் 1:
குளோரைடு, அம்மோனியா, மின்கடத்துதிறன் (நீரில் கரைந்த உப்பு எவ்வளவு என்று காட்டும்). குளோரைடு மண்ணில் ஒட்டாமல் நீரோடு போவதால் சீக்கிரமே காட்டிக்கொடுக்கும். குப்பை கொட்டத் தொடங்கும் முன்பே மாதிரி எடுத்துவிடுங்கள், அந்த வாய்ப்பு திரும்ப வராது.