லைன்ல இருந்து பேஸ் ஹேங்கருக்கு மாறலாமா? சம்பளம் மூணுல ஒரு பங்கு குறையுது

பல்லாவரம்_பி1:
எல்லாருக்கும் வணக்கம். நான் விமான மெயின்டனன்ஸ் இன்ஜினியர். பி1.1 லைசென்ஸ் (என்ஜின், பாடி வேலைக்கான கேட்டகரி), ஏ320 டைப் (அந்த மாடல் விமானத்துக்கு), சென்னை ஏர்போர்ட்ல லைன் மெயின்டனன்ஸ்ல (ஃப்ளைட்டுக்கு ஃப்ளைட் நடுவுல ஏர்போர்ட்லயே பார்க்கற வேலை) ஏழு வருஷமா இருக்கேன். ரோஸ்டர்படி ரெண்டு பகல், ரெண்டு ராத்திரி, நாலு நாள் லீவு, ஒவ்வொரு ஷிப்ட்டும் 12 மணி நேரம். ஆனா அந்த நாலு நாள்ல ஒரு நாளாவது ஆள் பத்தலன்னு கூப்பிட்டுடறாங்க, இன்னொரு நாள் தூங்கியே போயிடுது. பொண்ணுக்கு ரெண்டு வயசு. நைட் முடிச்சு வந்து ஜன்னலுக்கு போர்வை கட்டிட்டு படுத்தா, கதவுக்கு அந்தப் பக்கம் உக்காந்து தட்டிக்கிட்டே இருக்கா.

இப்ப ஐதராபாத் சம்ஷாபாத்ல ஒரு ஹேங்கர்ல பேஸ் வேலை வந்திருக்கு, சி செக் (விமானத்த பல நாள் நிறுத்தி பிரிச்சுப் பார்க்கற பெரிய செக்) பண்ற இடம், பகல் ஷிப்ட்னு சொல்றாங்க. கைக்கு வர்றதுல மூணுல ஒரு பங்கு போயிடும், வீட்டு லோன் இன்னும் 11 வருஷம் இருக்கு.

இந்த யோசனை எப்ப வந்துச்சுன்னா, போன மாசம் ராத்திரி தங்கற (நைட் ஹால்ட்) ஒரு விமானத்துக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு என்ஜின் ஆயில் ஊத்தினேன், காலைல ஷிப்ட் முடிச்சு பைக்ல வர்றப்ப பல்லாவரம் சிக்னல்ல நிக்கறேன், டேங்க் மூடிய பூட்டினேனான்னு ஒரு சந்தேகம், எவ்வளவு யோசிச்சும் கை பூட்டின ஞாபகமே வரல. வண்டிய ஓரங்கட்டி பகல் ஷிப்ட் நண்பனுக்கு போன் போட்டேன். ஃப்ளைட் கிளம்ப இன்னும் நேரம் இருந்துச்சு, அவன் போய் பேனல திறந்து பார்த்து "பூட்டித்தான்டா இருக்கு"ன்னான். அதுக்கப்புறமும் கொஞ்ச நேரம் வண்டிய எடுக்க முடியல. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

பழைய_ஹேங்கர்காரன்:
தம்பி, நீ போன் பண்ணினதுதான் சரி, எத்தனை வருஷம் ஆனாலும் அதுக்கு கூச்சப்படாதே. 2013 மே மாசம் லண்டன் ஹீத்ரோல ஒரு ஏ319 டேக்ஆஃப் ஆகறப்ப ரெண்டு என்ஜின் ஃபேன் கவுலும் (என்ஜின மூடற வெளிக்கதவு) பிச்சிக்கிட்டு போச்சு. ராத்திரி ஐடிஜி (என்ஜின்ல இருக்கற ஜெனரேட்டர்) ஆயில் பார்க்க கவுல் லாட்ச்ச கழட்டினவங்க, அப்புறமா வந்து முடிச்சிடலாம்னு போயிட்டு, திரும்பி வர்றப்ப வேற விமானத்துக்கிட்ட போயிட்டாங்க, அங்க கவுல் மூடியிருந்தத பார்த்து யாரோ மூடிட்டாங்கன்னு நினைச்சுட்டாங்க. ஓவர்டைம் களைப்பையும் விசாரணை அறிக்கை எடுத்துச் சொல்லிச்சு. அதனால அந்த நாலு நாள் லீவ விக்காதே, முதல்ல அத நிறுத்திப் பாரு.

சம்பளம் ஏன் குறையுதுன்னும் புரிஞ்சுக்க. லைன்ல விமானத்த பறக்கலாம்னு ரிலீஸ் பண்ற கையெழுத்து உன்னோடது, ராத்திரி மூணு மணிக்கு தனியா நின்னு போடற கையெழுத்து, அலவன்ஸ் அதுக்குத்தான். பேஸ்ல செக் முடிஞ்சு மொத்த விமானத்த ரிலீஸ் பண்றது சி கேட்டகரி லைசென்ஸ் ஆள், பி1 சப்போர்ட் ஸ்டாஃபா வேலைக்கு வேலை கையெழுத்து போடுவாரு. பெரிய விமானத்துல மூணு வருஷ பி1 அனுபவம் இருந்தா சி கேட்டகரிக்கு போகலாம், உனக்கு ஏழு இருக்கு. "எப்ப சி ஆக்குவீங்க"ன்னு இப்பவே கேளு, இந்தக் குறைஞ்ச சம்பளம் எத்தனை வருஷத்துக்குன்னு அப்பத்தான் தெரியும்.

சாங்கி_திருச்சி:
ப்ரோ நான் சிங்கப்பூர்ல பேஸ்ல இருக்கேன். பேஸ்னா பகல்னு நம்பி வந்தவன் நான். செக் தள்ளிப்போனா ஹேங்கர்லயும் நைட் ஓடும். ஏர்லைன்ஸ் கூட்டம் இல்லாத சீசன்லதான் பெரிய செக்குக்கு விமானத்த கொண்டுவந்து விடுவாங்க, அந்த மாசங்கள்ல ஹேங்கர் நிரம்பி வழியும், பேனல திறந்தா எதிர்பார்க்காத இடத்துல துரு இருக்கும், ஸ்ட்ரக்சர் வேலை ஒண்ணுக்கு மூணா ஆகும், டெலிவரி தேதி மட்டும் மாறாது. பகல் ஷிப்ட்ங்கறத ஆஃபர் லெட்டர்ல எழுத சொல்லுங்க. டைப் கோர்ஸ் கொடுத்து பாண்ட் (இத்தனை வருஷம் விலகக் கூடாதுங்கற ஒப்பந்தம்) போடறாங்களான்னும் பாருங்க.

ஒண்ணு ஒத்துக்கறேன், லைன்ல முப்பது நிமிஷத்துல ஸ்னாக் (கோளாறு) எடுத்து விடற பதட்டம் இங்க இல்ல. ராத்திரி படுத்தா தூக்கம் வருது.

இன்னொண்ணு, ரெண்டும் வேண்டாம்னு ஆபீஸ் வேலைக்கு போறதா இருந்தா, ரெண்டு வருஷத்துல ஆறு மாசம் மெயின்டனன்ஸ் அனுபவம் காட்டலன்னா கையெழுத்து போடற உரிமை நிக்காது, அத கணக்குல வச்சுக்கங்க.

குரோம்பேட்டை_வீட்டம்மா:
நான் இன்ஜினியர் இல்ல, வீட்டுக்காரர் லைன்ல 18 வருஷம் இருந்தாரு. காலைல குக்கர் வைக்கறத நிறுத்தி ஒம்பது வருஷம் ஆச்சு, விசில் சத்தத்துல எந்திரிச்சிடுவாருன்னு. பசங்க சின்ன வயசுல இருந்தே ரகசியம் பேசற மாதிரிதான் வீட்டுல பேசுவாங்க. அவருக்கு சுகர் வந்தப்ப டாக்டர் சாப்பாட்ட பத்தி கேக்கறதுக்கு முன்னாடி தூக்கத்த பத்திதான் கேட்டாரு.

பணம் வேண்டாம்னு சொல்ற நிலைமைல நாங்களும் இருந்ததில்ல. நாங்க என்ன பண்ணோம்னா, மாறணும்னு முடிவு பண்ணி ரெண்டு வருஷம் வந்த போனஸ், நகைச்சீட்டு எல்லாத்தையும் லோன் அசல்லயே கட்டி இஎம்ஐய குறைச்சோம், அப்புறம்தான் அவர் ஹேங்கருக்கு மாறினாரு. உங்க வீட்டம்மா கிட்ட மூணுல ஒரு பங்குன்னு சொல்லாதீங்க, மாசம் எவ்வளவு ரூபாய்னு சொல்லுங்க, எத விடலாம்னு அவங்களுக்குத்தான் தெரியும். ஐதராபாத் வாடகையும் அதுல சேரணும், பாப்பாவ பாத்துக்க பாட்டி அங்க இருக்க மாட்டாங்க.

பழைய_ஹேங்கர்காரன்:
அம்மா சொன்னது முக்கியம். இன்னொண்ணு தம்பி, 17 மணி நேரம் தொடர்ந்து முழிச்சிருந்தா ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கறவன் அளவுக்குத்தான் கவனம் இருக்கும்னு ஆராய்ச்சில காட்டியிருக்காங்க. நம்ம ஊர்ல வண்டி ஓட்ட 0.03தான் எல்லை. நைட் முடிச்சு பைக்ல வராதே, பல்லாவரம்தானே, ட்ரெயின்ல போ.

பல்லாவரம்_பி1:
ரொம்ப நன்றி அண்ணே, அக்கா, ப்ரோ. வாடகையையும் பாட்டியையும் நான் யோசிக்கவே இல்ல. நேத்து ராத்திரி ரெண்டு பேரும் நோட்டுல எழுதிப் பார்த்தோம், அம்மாவும் கூட வந்தா சமாளிக்கலாம், வரலன்னா கஷ்டம்தான். ஷிப்ட்டையும் சி கேட்டகரியையும் பத்தி எச்ஆருக்கு மெயில் போட்டிருக்கேன். இந்த வாரம் ஓவர்டைம் கேட்டாங்க, முடியாதுன்னுட்டேன். அடுத்த லீவுல ஐதராபாத் போறேன், ஹேங்கர்ல நைட் முடிச்சு வெளிய வர்றவங்க யாராவது இருக்காங்களான்னு காலைல வாசல்கிட்ட நின்னு பார்த்துட்டு வந்து சொல்றேன்.