புளியரை மலைப்பாதை: 14 மாசப் பிள்ளைக்கு சீட்டை எந்தப் பக்கம் பார்த்து மாட்டணும்?

சாரல்காத்து:
மாசம் ரெண்டு தடவை செங்கோட்டையிலிருந்து புனலூர் போய் வரணும். பையனுக்கு 14 மாசம், 9.8 கிலோ. கார் 2013 ஹேட்ச்பேக், ஐசோஃபிக்ஸ் கொக்கி (பெல்ட் இல்லாமலே குழந்தை சீட்டை மாட்டுற இரும்பு வளையம்) கிடையாது. பின்சீட்டில் ரெண்டு ஓரத்திலும் தோள்வழி பெல்ட், நடுவில் இடுப்பு பெல்ட் மட்டும். 0–18 கிலோ பிள்ளைகளுக்கான கார் சீட் ஒண்ணு வாங்கி, முன்னால பார்த்த மாதிரி மாட்டியிருக்கோம். எவ்வளவு இழுத்தாலும் ஆடுது. "எஸ் வளைவுல இது ஆடுற ஆட்டத்துக்கு என் மடியே தேவலை"ங்கிறாங்க அத்தை. மலையேறினா வாந்தி வேற. என்ன செய்ய?

கோட்டைவாசல்:
அத்தைகிட்ட இந்தக் கணக்கைச் சொல்லுங்க தங்கச்சி. 50 கி.மீ. வேகத்தில் போற வண்டி மோதி 0.1 நொடியில் நின்னா, 10 கிலோ பிள்ளையைப் பிடிச்சு நிறுத்த ஏறக்குறைய 140 கிலோ மூட்டையைத் தாங்குற பலம் வேணும். எந்தக் கையிலும் அது நிக்காது.

முதல்ல சீட்டைத் திருப்புங்க. ஆர்129-ங்கிற ஐ.நா. குழந்தை சீட் விதிப்படி 15 மாசம் வரைக்கும் பின்னால பார்த்துத்தான் உட்காரணும், அதுவும் குறைந்தபட்சம்தான். இந்த வயசில் தலை கனம், கழுத்து பிஞ்சு. பின்னால பார்த்து உட்கார்ந்தா அடி முதுகு முழுக்கப் பரவிடும். உங்க மாதிரி 0–18 சீட்டில் பெரும்பாலும் 13 கிலோ வரைக்கும் அப்படியே வைக்கலாம். சீட்டோட கையேட்டில் எல்லை போட்டிருக்கும்.

மாட்டுறதை வீட்டு வாசல்ல, சமதளத்தில் செய்யுங்க. சரிவில் நிறுத்தி மாட்டினா, சீட்டில் சாய்வு பார்க்கப் போட்டிருக்கிற கோடு தப்பாக் காட்டும். கார் பெல்ட் போக சீட்டில் நிறம் போட்டுக் காட்டியிருக்கும்: பின்னால பார்க்கிறதுக்கு நீல நிற வழி, முன்னால பார்க்கிறதுக்குச் சிவப்பு வழி. பெல்ட் முறுக்கில்லாம நீல வழியா வரட்டும். பக்கிளைப் போட்டு, ஒரு கையால் சீட்டை அழுத்திக்கிட்டே முதல்ல இடுப்புப் பட்டையை, அப்புறம் தோள்பட்டையை இழுங்க. சீட்டில் கார் பெல்ட்டைக் கவ்விப் பிடிக்கிற பூட்டு இருந்தா உடனே மூடிடுங்க. நம்ம ஊர் கார் பெல்ட் திடீர்னு இழுத்தாத்தான் பூட்டும், மெதுவா இழுத்தா விட்டுக்கொடுக்கும். உங்க ஆட்டத்துக்குப் பாதிக் காரணம் அதுவா இருக்கலாம்.

பெல்ட் போற இடத்தில் பிடிச்சு ஆட்டிப் பாருங்க, 2.5 செ.மீ.க்கு மேல நகரக் கூடாது. மேல்முனை கொஞ்சம் ஆடினா அது சகஜம். நடுவில் மாட்டவே வேணாம், அந்த இடுப்பு பெல்ட் இதுக்குப் பத்தாது.

திருப்பினதும் உள்பட்டையோட (பிள்ளையைச் சீட்டோட கட்டுற பட்டை) உயரத்தை மாத்தணும். பலரும் இதை மறந்துடுறாங்க. பின்னால பார்க்கும்போது பட்டை தோளுக்குச் சரியா அல்லது கொஞ்சம் கீழே இருந்து வரணும், முன்னால பார்க்கும்போது சரியா அல்லது மேலே. இறுக்கினப்புறம் தோள்கிட்ட பட்டையை ரெண்டு விரலால் கிள்ளுங்க. மடிப்பு கையில் வந்தா இன்னும் இழுக்கணும்.

தென்மலைத்தூறல்:
வாந்திக்காகப் பட்டையைத் தளர்த்தவோ, பிள்ளையைத் தூக்கவோ வேணாம், வண்டியை ஓரங்கட்டிட்டு எடுங்க. கிளம்புறதுக்கு முன்னால வயிறு முட்டப் பால் கொடுக்காதீங்க. புரோமெதசின் வாந்தி மருந்து 2 வயசுக்குக் கீழே கூடாது, மூச்சை அடக்கிடும். மெடிக்கல்ல பெரியவங்களுக்கு வாங்கினதில் பாதி உடைச்சுக் கொடுக்கிற பழக்கம் ஊர்ல இருக்கு, அதனால சொல்றேன்.

பட்டை அழுக்கானா ஈரத்துணியும் மெல்லிய சோப்பும் போதும். வாஷிங் மெஷின்ல போட்டா நூல் பலம் போயிடும். பக்கிள்ல வாந்தி காய்ஞ்சு 'கிளிக்' கேட்கலைன்னா வெதுவெதுப்பான தண்ணீர் ஊத்திக் கழுவுங்க. எண்ணெய் விடாதீங்க.

பாலருவி:
ரெண்டு விஷயம். முன்சீட்டில் ஏர்பேக் இருந்தா, பின்னால பார்த்த சீட்டை அங்கே வைக்கவே கூடாது, விரியற ஏர்பேக் சீட்டோட முதுகில் அடிக்கும். ரெண்டாவது, சீட்டில் ஆரஞ்சு ஒட்டி, அதில் வட்டத்துக்குள் ஆங்கில 'E' எழுத்து இருக்கான்னு பாருங்க, சோதனையில் தேறின சீட்டுக்கான அடையாளம் அது. ஆன்லைன்ல மலிவா வர்ற மெத்தைப் பட்டைகளில் இருக்காது.

அபராதம்னா, மோட்டார் வாகனச் சட்டம் 194பி-படி 14 வயசுக்குக் கீழே பிள்ளையைப் பெல்ட் இல்லாம உட்கார வெச்சா 1000 ரூபாய். 

சாரல்காத்து:
நன்றி அண்ணாச்சி. சிவப்பு வழியிலதான் போட்டிருந்தோம். நீலத்துக்கு மாத்தினோம், ஆட்டம் குறைஞ்சிருக்கு. ஆனா கார் பக்கிள், சீட்டோட பிளாஸ்டிக் விளிம்பு மேல ஏறி வளைஞ்சு நிக்குது. பரவாயில்லையா?

கோட்டைவாசல்:
கூடாது. மோதும்போது அந்த விளிம்பு பக்கிளை நெம்பித் திறந்துடலாம், உடைச்சும் விடலாம். அடுத்த ஓரத்தில் மாட்டிப் பாருங்க, சில காரில் பக்கிள் காம்பு அங்கே குட்டையா இருக்கும். அங்கேயும் ஏறுச்சுன்னா அந்த சீட் அந்தக் காருக்கு ஆகாது. அடுத்ததை வாங்கும்போது காரையே கடை வாசலுக்குக் கொண்டுபோய், மாட்டிப் பார்த்துட்டுக் காசு கொடுங்க.