புதுப்பிப்பு: ஏற்காடு முத்திரை உறை, இரண்டாவது முயற்சி
போன மாதம் புலம்பியிருந்தேனே, ஏற்காடு தபால் முத்திரை விழுந்த ஆறாம் ஜார்ஜ் மன்னர் காலத்துக் கடித உறையை இணைய ஏலத்தில் கடைசி நான்கு வினாடியில் யாரோ தட்டிக்கொண்டு போனார் என்று. நேற்று அதே மாதிரி இன்னொன்று வந்தது. முத்திரையில் தேதி பாதி அழிந்திருக்கிறது, ஊர்ப்பெயர் மட்டும் பளிச்.

“ஐம்பது ஐம்பதாக ஏற்றாதே, உன் உச்ச விலையை ஒரே தடவை போடு” என்று அந்தப் புலம்பலுக்கு நீங்கள் பதில் சொன்னீர்கள். செவ்வாய்ப்பேட்டை வீட்டு மொட்டைமாடியில் (கீழே சிக்னல் நம்ப முடியாது) நின்று, 9 வினாடி இருக்கும்போது 1,850 அழுத்தினேன். அடுத்த ஆள் 1,200தான் வைத்திருந்தார். தளம் அவரைவிட ஒரு படி மட்டுமே ஏற்றும் என்பதால் 1,250க்கு முடிந்தது. கை நடுங்கியது உண்மை.

அப்புறம், இப்படிக் கடைசி வினாடியில் விலை கேட்பது நம் வியாதி மட்டும் இல்லை. பொருளாதார அறிஞர்கள் ஆல்வின் ராத், ஆக்சல் ஒக்கன்ஃபெல்ஸ் இருவரும் 2002இல் எழுதிய கட்டுரையில் இதுதான் விஷயம். ஈபே தளத்தில் ஏலம் முடியும் நேரம் மாறாது, அதனால் கடைசி நிமிடத்தில் முட்டிமோதுகிறார்கள். அமேசான் அப்போது நடத்திய ஏலத்தில் 10 நிமிடம் யாரும் கேட்காமல் இருந்தால்தான் முடியும். நம் ஊர் ‘ஒருதரம், ரெண்டுதரம்’ மாதிரி. அங்கே இந்தக் கூத்து குறைவு.

உறை இன்னும் வந்து சேரவில்லை. வந்ததும் படம் போடுகிறேன்.