ஓட்டுக்கு மேல மரநாய், வாழைக்குள்ள பன்றி: சாரல்ல இருந்து ஐப்பசி வரை

வீட்டுக்கும் தோட்டத்துக்கும் வர்ற காட்டு உயிர்களைத் தடுக்க, திருநெல்வேலிப் பக்கத்து நாலு ஊர்க்காரங்க சொல்ற வழி இது.

அம்பாசமுத்திரம் பக்கம்:

மச்சுல ராத்திரி எலி ஓடினா சரசரன்னு கேக்கும். தடதடன்னு கேட்டா மரநாய். சந்தேகம்னா ஓட்டு மேல கிடக்கிற எச்சத்தைப் பாருங்க. நாவல், சப்போட்டா விதை முழுசு முழுசா இருக்கும். சில வீட்டுல பாசுமதி வேகுற மாதிரி வாசமும் வரும்.

பூச்சி உருண்டை, பினாயில், மிளகாப் புகை எதுவும் நாலு நாளைக்கு மேல பலிக்காது. வழியைத்தான் அடைக்கணும். மூணு நாலு இஞ்ச் சந்து இருந்தாலே புகுந்துரும். அப்படித் தோணுற சந்துல எல்லாம் பழைய பேப்பரைச் சுருட்டித் தளர்வா செருகி வைங்க. காலைல எந்தச் சுருள் கீழ கிடக்கோ அதுதான் வாசல். இருட்டி ஒரு மணி நேரம் கழிச்சு, அது இரை தேடப் போன பிறகு அடைக்கணும். உள்ள குட்டி கத்துற சத்தம் கேட்டா அடைக்கவே கூடாது. தாயோட அதுக இறங்கிப் போற வரை பொறுக்கணும். அவசரப்பட்டா தாய் ஓட்டைப் பேத்துக்கிட்டு உள்ள வரும், இல்லன்னா குட்டி செத்து வீடு நாறும்.

கோழிவலை தாங்காது. அரை இஞ்ச் கண்ணுள்ள ஜி.ஐ. வெல்டு மெஷ் (நாகம் பூசின கெட்டிக் கம்பிவலை) வாங்குங்க. ஓட்டைத் தாங்குற ரீப்பர் கட்டையில ஆணிக்குப் பதிலா வாஷர் வச்சு ஸ்க்ரூ முடுக்குங்க. மழையில ஊறின மரத்துல ஆணி கழண்டு வந்துரும். கூரையைத் தொடுற மா, முருங்கைக் கிளையை ஏழெட்டு அடி தள்ளிக் கழிக்கலன்னா இம்புட்டு வேலையும் வீண்.

களக்காடு:

வாழைக்குக் காட்டுப்பன்றிதான் எமன். தோட்டத்தைச் சுத்திப் பழைய சேலை கட்டுனா ரெண்டு மூணு வாரம் மிரளும், அப்புறம் கிழிச்சுக்கிட்டு வரும். கட்டுறதுன்னா தரையில இருந்து ஒரு அடிக்குள்ள கட்டுங்க. இடுப்பு உயரத்துல கட்டுன சேலைக்கு அடியில குனியாமலே போயிரும்.

சோலார் மின்வேலின்னா கீழ்க்கம்பி தரையில இருந்து அரையடி, முக்காலடியில ஓடணும். மூக்கு படுற இடம் அதுதான். வேலி சரியில்லன்னு வர்ற புகார்ல நிறைய எர்த் கோளாறு: மண்ணுல இறக்குற எர்த் ராடு ஒண்ணு பத்தாது, பத்தடிக்கு ஒண்ணா மூணு ராடு இறக்கணும். ஐப்பசி மழைக்குப் பிறகு புல்லு வளந்து கம்பியைத் தொடும், அதிர்ச்சி பூராவும் மண்ணுக்குள்ள இறங்கிரும். வாரம் ஒருக்க செதுக்குங்க. டெஸ்டர் 4,000 வோல்ட்டுக்குக் கீழ காட்டினா வேலி இருந்தும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். தமிழ்நாடு மின்வேலி விதி 2023-படி வனத்துறையில பதியவும் செய்யணும். வேலிக்கு மோட்டார் லைன்ல இருந்து நேரடியா கொக்கி போட்டு கரண்ட் எடுக்கிறது குற்றம். அதுல மனுசனும் சேந்துதான் சாகுதான்.

வி.கே.புரம் (விக்கிரமசிங்கபுரம்):

களக்காட்டு அண்ணாச்சி சொன்ன மின்வேலி தோட்டத்துக்குச் சரி, தெருவுக்கு ஆகாது. இங்க கரடி வாசம் பிடிச்சு வரும். பழுத்த பலா, மீந்த சோறு, எண்ணெய்ச் சட்டி எதையும் ராத்திரி புறவாசல்ல வைக்காதீங்க. குரங்குக்குப் பழம் போடுற தெருவுல எந்த வலையும் நிக்காது.

பாளையங்கோட்டை:

ஐப்பசி, கார்த்திகையில பாம்பு. பூண்டுத் தண்ணி, பெருங்காயம் எல்லாம் காசுக்குக் கேடு. எலி வந்தா பின்னாலயே பாம்பு வரும். அதனால கதவுக்கு அடியில ரப்பர் பட்டை அடிச்சு, சாக்கடைக் குழாய்க்கு வலை போடுங்க. விறகைச் சுவரை ஒட்டி அடுக்காதீங்க. தரையில படுக்காம கட்டில்ல படுத்து, கொசுவலையை மெத்தைக்கு அடியில செருகுங்க. கட்டுவிரியன் கடிச்சா வலியும் வீக்கமும் இல்லாமலே போகலாம். விடியக்காலம் வயிறு வலிச்சு, கண் இமை தானா சொருகினா கடிவாயைத் தேடிக்கிட்டு நிக்காம ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கு வண்டியை எடுங்க.